மல்லிகா அம்மா எழுதிய இரண்டாவது தாள்

மெக்கானிக் காதர் பாயின் தொலைபேசி வந்தபோது என் கடையில் ஒரு டிராக்டர் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாலைப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "சொல்லுங்க பாய்" என்றேன்.

"மல்லிகாம்மா போயிட்டாங்க சார். இன்னிக்குக் காலையில. வேலூர் ஆஸ்பத்திரியில."

காய்ச்சல் என்று மூன்று நாள் வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்கியதும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு நாள். நாற்பத்தாறு வயது. சாகிற வயதா அது என்று காதர் பாய் மறுமுனையில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். செஞ்சி சாலையின் ஓரத்தில் வாடகைக் கார்கள் வரிசையாக நின்றன. திருவண்ணாமலையிலிருந்து, செங்கத்திலிருந்து, போளூரிலிருந்தெல்லாம் ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். ஒரு மெக்கானிக் ஷெட்டில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் வண்டிக் குறைகளை எழுதி வாங்கிய பெண்மணிக்கு இத்தனை பேரா என்று அந்த ஊர்க்காரர்களே வியந்தார்கள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். முகத்தைப் பார்க்க உள்ளே போகவில்லை.

ஐந்து நாள் கழித்துக் காதர் பாய் கடைக்கு வந்தார்.

"பதினாறாம் நாளுக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடறோம் சார். டிரைவருங்க எல்லாம் சேந்து செய்யறாங்க. கம்பெனியில இருந்த காலத்தப் பத்தி நீங்கதான் எழுதணும். ஆறு வருஷம் அவங்களுக்குப் பக்கத்து மேசை நீங்க."

எழுதுகிறேன் என்றேன். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்தப் பழைய பிரேக் விஷயம் வேணாம். மனுஷங்கன்னா ஒரு தடவ மறக்கறதுதான். பாவம், போயிட்டாங்க. அதை விட்டுட்டு எழுதுங்க."

சரி என்று தலையாட்டினேன். நல்ல மனத்தோடு அவர் கேட்டார். ஆனால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு மல்லிகா அம்மாவைப் பற்றி என்னால் ஒரு வரியும் உண்மையாக எழுத முடியாது. பாய் என்னை மன்னிக்க வேண்டும்.

அவர்களை அறியாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை வேலூர் சாலையில் ஒரு கார் கம்பெனியின் டீலர் தன் சர்வீஸ் கிளையைத் திறந்தார். ஊரில் அப்போது கார்கள் கம்மி. டாக்டர்கள், அரிசி ஆலைக்காரர்கள், வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்தேன். டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்த மல்லிகா அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது. கணவர் தனபால் நெல்லும் மணிலா என்கிற நிலக்கடலையும் பயிர்செய்கிறவர். ஒரு பெண் குழந்தை. சேர்ந்த பதினைந்தாம் நாள் டைப்ரைட்டர் பழுதாகிவிட்டது. அது திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று முதலாளி அவர்களை வரவேற்பு மேசையில் போட்டார். டைப்ரைட்டர் திரும்பி வந்த பிறகும் அவர்கள் அந்த மேசையை விட்டு எழவில்லை.

காரைக் கொண்டுவருகிறவர் சொல்லும் குறைகளை ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்புவதுதான் வேலை. நாங்களெல்லாம் சுருக்கமாக எழுதுவோம். 'ஸ்டார்ட்டிங் டிரபுள்', 'சஸ்பென்ஷன் செக்' என்று இரண்டு வார்த்தை. மல்லிகா அம்மா அப்படி எழுத மாட்டார்கள். வந்தவர் என்ன சொன்னாரோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுதுவார்கள். 'குளிர்காலத்தில் காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது, வெயில் ஏறிய பிறகு ஒரே சாவியில் எழுந்துவிடுகிறது' என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் காருக்கு எழுதினார்கள். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அங்கே ஹெட் மெக்கானிக்காக இருந்த காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. கார்டை இரண்டாம் முறை படித்துவிட்டு நேராகப் போய், குளிரில் எஞ்சினை எழுப்ப உதவும் சோக் கம்பியைக் கழற்றினார். அரைமணியில் வேலை முடிந்தது.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மையார் பழைய கார் ஒன்றை வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. மல்லிகா அம்மாவுக்கு ஆங்கிலம் தயக்கம். அந்த அம்மையார் வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டினார். மல்லிகா அம்மா சளைக்காமல் அதைத் தமிழில் எழுதினார்கள்: 'டர்ர்ர்... டிக் டிக்... டர்ர்ர். மேடு ஏறும்போது டிக் டிக் ஜாஸ்தி.' காதர் பாய் அதை உரக்கப் படித்துப் பார்த்து, இரண்டு முறை தலையைச் சாய்த்துக் கேட்டு, "வால்வு" என்றார். வால்வுதான்.

கார்டில் குறை எழுத ஆறு கோடுகள்தான் அச்சடித்திருக்கும். மல்லிகா அம்மாவுக்கு ஆறு கோடு போதாது. கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, மிச்சத்தை அதில் எழுதி, குண்டூசியால் கார்டின் பின்னால் குத்திவிடுவார்கள். முதலாளி ஒருநாள் எரிச்சலோடு கேட்டார்.

"கம்ப்ளெயிண்ட் எழுதறியாம்மா, கதை எழுதறியா?"

"அவங்க சொல்றதுல எது வேணும், எது வேணாம்னு எனக்குத் தெரியாது சார். எனக்கு மெக்கானிசம் தெரியாது. அதனால முழுசா எழுதிடறேன். தெரிஞ்சவங்க வேண்டியத எடுத்துக்கட்டும்."

எழுதி முடித்ததும் வந்தவரைப் பார்த்து எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள். "இன்னும் ஏதாவது இருக்குதுங்களா? எல்லாத்தையும் சொல்லிடுங்க. எழுதிக்கறேன்." அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பல பேர் உண்மையான குறையைச் சொன்னார்கள். தான் எங்கே இடித்தோம், எத்தனை நாள் ஆயில் பார்க்காமல் ஓட்டினோம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். திட்ட மாட்டார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் கிளை நல்ல இடமாகவும் இருந்தது, கெட்ட இடமாகவும் இருந்தது. கெட்டதில் என் பங்கு அதிகம். வேலை குவிந்துவிட்டால் காரை நன்றாகக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, உள்ளே வாசனை தெளித்து, "எல்லாம் பாத்தாச்சு" என்று கொடுத்துவிடுவோம். பழைய ஃபில்டரை ஊதித் துடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறோம். இதெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். மல்லிகா அம்மா ஒருமுறை காதர் பாயிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "வண்டி ரொம்பப் பளபளன்னு வந்தா, உள்ள ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம் பாய்."

ஒருநாள் ஒரு வக்கீலின் காரில் கிளட்ச் பார்க்கவே இல்லை. அவருக்குப் போன் செய்து முடிந்துவிட்டதாகச் சொல்லும்படி மல்லிகா அம்மாவிடம் சொன்னேன்.

"முடியல சார் அது."

"தெரியும்மா. வந்து எடுத்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அப்படின்னா நீங்களே சொல்லிடுங்க சார்" என்று தொலைபேசியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். குரலில் கோபம் இல்லை. நானே சொன்னேன். வக்கீல் நம்பினார்.

தொண்ணூற்று நான்கில் காதர் பாய் விலகிப் போய்ச் செங்கம் சாலையில் சொந்த ஷெட் போட்டார். அதே ஆண்டு என்னைச் சர்வீஸ் இன்சார்ஜ் ஆக்கினார்கள். எனக்கென்று கண்ணாடித் தடுப்புள்ள ஓர் அறை வந்தது. ஊரில் பெரிய மனிதர்கள் என்னைப் பார்த்து "சார்" என்றார்கள். அதில் எனக்கு இருந்த ஆசையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த ஆண்டு ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலத்துக்குக் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. பௌர்ணமி என்றால் வாடகைக் கார்க்காரர்கள் எல்லோரும் முந்தின நாளே வண்டியைச் சரிசெய்ய வந்து நிற்பார்கள். அன்று காலை வந்தவர்களில் கண்ணாயிரம் ஒருவர். கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லிகா அம்மாவின் தெருவே அவர் தெரு. தனபாலுக்குப் பங்காளி முறை. கடன்கிடன் இல்லாமல் நிலத்தில் ஒரு பகுதியை விற்று வாங்கிய காரை அவரே ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஆயில் மாத்தணும், லைட்டு, ஹாரன் எல்லாம் ஒரு வாட்டி பாத்துடணும். அப்புறம் பிரேக் மிதிச்சா வண்டி லெப்ட்ல இழுத்துகினு போவுதும்மா. நேத்து ரெண்டு வாட்டி பெடல் அப்படியே உள்ள போயிடுச்சி. மூணாவது வாட்டி மிதிச்சப்பதான் நின்னுச்சி."

மல்லிகா அம்மா கார்டில் ஆயில், பொதுப் பரிசோதனை, விளக்கு, ஒலிப்பான் என்று வரிசையாக எழுதி ஆறு கோடும் நிரம்பிவிட்டது. பிரேக் விஷயத்தைத் தனித் தாளில் எழுதினார்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினார்கள். "இன்னும் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். பிறகு தாளைக் குண்டூசியால் குத்தி, கார்டை என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்து, "சார், பின்னாடி இருக்கறதப் பாத்துடுங்க" என்றார்கள்.

பார்த்தேன். பெடல் உள்ளே போகிறது என்றால் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். அதற்கு மாற்றும் உதிரிபாகங்களின் கிட் கையிருப்பில் இல்லை. வேலூரிலிருந்து வர ஒருநாள் ஆகும். வாசலில் பதினோரு கார்கள் நின்றன. கண்ணாயிரத்திடம் "உங்க வண்டி நாளைக்குக் கிடைக்காது, ஓட்டவும் கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் கத்துவார், முதலாளி காதுக்குப் போகும், பௌர்ணமி நேரத்தில் கிட்கூட வைக்கவில்லையா என்று என்னைக் கேட்பார். பட்டறைக்குக் கார்டை அனுப்பாமல், வாய்வார்த்தையாக, "ஆயில் மாத்தி, பிரேக் ஆயில் ஊத்தி, கழுவிக் குடுத்துடுங்க" என்றேன்.

மாலையில் மல்லிகா அம்மா கேட்டார்கள்: "சார், கண்ணாயிரம் அண்ணன் பிரேக்குன்னு சொன்னாரே, பாத்தாங்களா?"

"பாத்தாச்சும்மா."

கண்ணாயிரமும் என்னிடம் அதையே கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் செய்தி வந்தது. சவாரிக்காரர்களை ஏற்ற ஊரிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தவர், செஞ்சி சாலையில் மணிலா மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரெனக் குறுக்கே திரும்பியபோது பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் உள்ளே போய்விட்டது. டிராக்டரில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் வண்டியைப் புளியமரத்தில் விட்டுவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார்.

செய்தி சொன்னவர் போன பிறகு நான் என் அறைக்கு வந்தேன். கார்டு மேசை இழுப்பறையில் இருந்தது. நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு குண்டூசியைக் கழற்றினேன். தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்து, பட்டறைக்குப் பின்னால் கழிவு ஆயில் பீப்பாயில் போட்டேன். அது உடனே முழுகவில்லை. கறுப்பு எண்ணெயில் கொஞ்ச நேரம் மிதந்தது. மல்லிகா அம்மாவின் கையெழுத்து உருண்டையாக, சிறுபிள்ளைக் கையெழுத்துப்போல் இருக்கும். 'மூணாவது வாட்டி' என்ற வார்த்தையை நான் படிக்க முடிந்தது. முழுகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். டிப்ளமோ படித்தவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும். என்னைச் சார் என்று கூப்பிட்டவர்கள் அப்புறம் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதுதான் பயம்.

இரண்டு மாதம் கழித்துக் கண்ணாயிரம் கவட்டுக்கோலோடு உறவினர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலாளி அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மல்லிகா அம்மா மட்டும் நின்றார்கள்.

"பிரேக் போவுதுன்னு நான் சொன்னேன். இந்த அம்மாகிட்டதான் சொன்னேன். கேளுங்க" என்றார் கண்ணாயிரம்.

முதலாளி கார்டை எடுத்துப் படித்தார். ஆறு கோடுகளில் பிரேக் என்ற வார்த்தை இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"பின்னாடி ஒரு தாள் இருக்கும் சார்."

கார்டைத் திருப்பிக் காட்டினார் முதலாளி. மல்லிகா அம்மா கையில் வாங்கிப் பார்த்தார்கள். குண்டூசி குத்திய இரண்டு துளைகள் அதில் இருந்தன. விரலால் அதைத் தடவினார்கள். எந்தக் கார்டில்தான் துளை இல்லை, இது சாட்சியாகாது என்று சொல்லிவிடலாம். அவர்கள் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"சார், நீங்க பாத்தீங்களே. பின்னாடி இருக்கறதப் பாருங்கன்னு சொல்லித்தானே வச்சேன்?"

"நான் எதுவும் பாக்கலம்மா."

அவ்வளவுதான் நான் சொன்னது. மூன்றே வார்த்தை.

அவர்கள் அழவில்லை. "எழுதினேன் சார். அவர் சொன்னத அப்படியே எழுதினேன்" என்றார்கள். முதலாளி, "தாள் எங்கம்மா?" என்று கேட்டார். அவர்கள் கார்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாயிரம் கோலை ஊன்றி எழுந்து, "ஒரே தெருவுல இருந்துகினு இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றார்.

அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலைத் தாண்டிப் போனதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவது ஒன்றுதான் அந்தப் பெண்மணி தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்த விஷயம். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு அவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஊரில் என்ன நடந்தது என்பதைக் காதர் பாய் பின்னாளில் எனக்குச் சொன்னார். கண்ணாயிரத்தின் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. ஒரு கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டு தூக்க நின்ற பெண்களின் வரிசையிலிருந்து மல்லிகா அம்மாவை யாரோ ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கிப் போய்ப் பந்தலின் பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

தொண்ணூற்றேழில் காதர் பாய் நேரில் போய், "எனக்கு எழுத ஒரு ஆள் வேணும்மா, எனக்குக் கை எண்ணெய்" என்று கூப்பிட்டார். செங்கம் சாலை ஷெட்டின் ஓரத்தில் ஒரு தகரக் கூரைக்கு அடியில் மேசை போட்டுக் கொடுத்தார். இந்த முறை மல்லிகா அம்மா நோட்டில் கார்பன் வைத்து எழுதினார்கள். ஒரு பிரதியை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது பாத்தாச்சு. இது பாக்கல, பொருள் வரணும். இத வச்சு ஓட்டலாம். இத வச்சு ஓட்டக் கூடாது" என்று சொல்வார்கள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே பெரிய சர்வீஸ் நிலையங்களை விட்டுவிட்டு வண்டிகள் அந்த ஷெட்டுக்கு வந்தன. அடி அண்ணாமலையில் கடை வைத்திருந்தவர்களின் சரக்கு வேன்கள்கூட அங்கேதான் நிற்கும்.

நான் கம்பெனியை விட்டு வந்து போளூர் சாலையில் டயர் கடை வைத்தேன். இரண்டாயிரத்து இரண்டில் ஒரு கார் வாங்கினேன். இடது பின்பக்கம் ஒரு சத்தம். வேலூரில் வாங்கிய இடத்திலேயே மூன்று முறை விட்டேன். ஏசி அறையில் காபி கொடுத்தார்கள். நான் சொல்வதை ஒரு இளைஞர் கேட்டுக்கொண்டே இரண்டு வார்த்தை எழுதினார். 'சஸ்பென்ஷன் செக்.' மூன்று முறையும் காரைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். மூன்று முறையும் சத்தம் என்னோடு வீடு வந்து சேர்ந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நாற்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

என் மனைவிதான் காதர் பாய் ஷெட்டுக்குப் போகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பிறகு போனேன்.

மல்லிகா அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். தலையில் நரை விழுந்திருந்தது.

"வாங்க சார். உக்காருங்க. வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

நோட்டைத் திருப்பிக் கார்பனை வைத்தார்கள். சத்தம் வருகிறது என்றேன். எப்போது என்றார்கள். திரும்பும்போது என்றேன்.

"எந்தப் பக்கம் திரும்பினா சார்?"

யோசித்தேன். மூன்று முறை வேலூரில் யாரும் இதைக் கேட்கவில்லை. "லெப்ட்ல திரும்பினா வருது. ரைட்ல வர்றதில்ல."

"உருள்ற சத்தமா, இடிக்கிற சத்தமா?"

"உருண்டு போய் இடிக்கிற மாதிரி."

எல்லாவற்றையும் எழுதினார்கள். காதர் பாய் அதைப் படித்துவிட்டு, பின்கதவின் உள்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு போல்ட் கிடந்தது. தொழிற்சாலையில் வண்டியைப் பொருத்தும்போதே யாரோ தவறவிட்டது. அவ்வளவுதான் குறை.

ஆனால் அதற்கு முன்னால், அவர்கள் எழுதி முடித்ததும், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்:

"இன்னும் ஏதாவது இருக்குதுங்களா சார்? எல்லாத்தையும் சொல்லிடுங்க. எழுதிக்கறேன்."

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். வழக்கத்தைவிட அதிக நேரம் என் முகத்தைப் பார்த்தார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை தெரியாது. நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் இரண்டு ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள்.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

எழுதியதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, என் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதன்பிறகு நான்கு ஆண்டுகள் என் காரை வேறு எங்கும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். இறுதிச் சடங்கன்று என் பக்கத்தில் நின்ற ஒரு ஓட்டுநர் இன்னொருவரிடம், "அந்தக் காலத்துல ஒரு தப்பு நடந்துபோச்சாம். அதுல இருந்துதான் இவ்ளோ கவனமா எழுத ஆரம்பிச்சாங்களாம்" என்றார். நான் மறுக்கவில்லை. அதுவும் என் கணக்கில் சேர வேண்டிய மௌனம்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூர் போனேன். அச்சுக்குப் போகும் முன் தனபாலிடம் படித்துக் காட்டாமல் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் கூடத்தில் தனியாக இருந்தார். மகள் சமையல்கட்டில் இருந்தாள். முழுவதும் படித்தேன். பீப்பாய் வரும் இடத்தில் அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு அவ வீட்டுக்கு வந்து, எழுதினேங்க, தாளக் காணோம்னு சொன்னா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? நீ எழுதியிருந்தா தாள் எங்கடி போவும்னு கேட்டேன். நானும் நம்பல சார். அதுக்கப்புறமும் பதினோரு வருஷம் அவகூட இருந்தேன், நம்பல."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"யாராவது எடுத்திருப்பாங்களான்னு ஒரு வாட்டி கேட்டேன். எடுத்திருக்கலாம், ஆனா நான் பாக்கல, பாக்காதத எப்படிச் சொல்றதுன்னா. அதோட அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல. நான் மறந்துட்டான்னு நெனச்சேன்." என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "உங்க பேரு இதுல எங்கியும் இல்லியே சார்?"

அப்போதுதான் கவனித்தேன். பக்கம் பக்கமாக 'நான், நான்' என்று எழுதியிருந்தேன். பெயரை எழுதவில்லை.

"எழுதுங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்தவன் பெயர் ஜெயராமன். அப்போது அந்தக் கிளையின் சர்வீஸ் இன்சார்ஜ். இப்போது போளூர் சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன்.

தனபால் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. தெருவில் ஏழெட்டு வீடு தள்ளி கண்ணாயிரம் வீடு. அவர் வாசலில் மணிலா காயப்போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னேன். அவர் சொன்ன வார்த்தைகளையும், மல்லிகா அம்மா எழுதியதையும், நான் எடுத்ததையும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தனபாலைப் பார்த்து, "பதினோரு வருஷமா அந்தம்மா எதிர்ல வந்தா நான் மூஞ்சத் திருப்பிக்கினேன் தனபாலு" என்றார். கைத்தடியை எடுத்தார். வலது காலை இழுத்து இழுத்துத் தெருவில் நடந்தார். அவர் மனைவியும் ஈரக் கையோடு பின்னால் போனார்.

நான் தனபால் வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே மல்லிகா அம்மாவின் படத்துக்கு முன்னால் கண்ணாயிரம் நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. உட்காரச் சொல்லி மகள் நாற்காலி கொண்டுவந்தாள். அவர் உட்காரவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சரியில்லாத காலோடு பிடிமானம் இல்லாமல் நின்று, இரண்டு கைகளையும் கூப்பினார். தடுமாறினார். தனபால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார்கள் இருவரும்.

மல்லிகா அம்மா, நீங்கள் எழுதினீர்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினீர்கள். இதை நீங்கள் கேட்டபோதெல்லாம் சொல்லாமல், கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு சொல்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் உங்கள் பெயரைச் சொல்லும்போது இனி அதோடு எந்தத் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயரை மேலே எழுதியிருக்கிறேன்.